பச்சை டிக்கும் ஸ்டெப் மார்க்கும்

அன்புள்ள சார்,

ரொம்ப வருஷம் ஸ்கூல்ல பிசிக்ஸ் எடுத்துட்டு ரிட்டயர் ஆனவ நான். ஒரு ஃப்ரீ ஆன்லைன் சர்க்யூட்ஸ் கோர்ஸ்ல சேந்தேன். ஹோம்வொர்க்ல பதில் டைப் பண்ணா பச்சை டிக் வருது, ஆனா புரிஞ்ச மாதிரியே இல்ல. சர்க்யூட்ல கரன்ட், வோல்டேஜ் கணக்குப் போட உதவுற கிர்க்காஃப் விதிகளே சில நிபந்தனைக்குள்ளதான் செல்லும்னு வேற சொல்றாங்க. அப்ப இத்தன நாள் தப்பா சொல்லிக்கொடுத்தேனா? பாதியில நிக்குறேன், வெக்கமா இருக்கு.

அன்புள்ள டீச்சர்,

வெக்கத்த முதல்ல விடுங்க. 2012ல அமெரிக்காவோட எம்ஐடி பல்கலைக்கழகம் இதே சர்க்யூட்ஸ் பாடத்த, அங்க பேராசிரியரா இருந்த அனந்த் அகர்வால் எடுத்தத, ஃப்ரீயா ஆன்லைன்ல போட்டப்ப சுமார் 1,55,000 பேர் சேந்தாங்க, பாஸ் பண்ணது 7,157 பேர். சும்மா எட்டிப்பாக்க வந்தவங்களும் அந்தக் கணக்குல உண்டு, அதனால இத வெச்சு யாரையும் எடைபோட முடியாது.

தப்பா ஒண்ணும் சொல்லிக்கொடுக்கல. நிபந்தனை சொல்லாம விட்டுப்போச்சு, அவ்ளோதான், எல்லா ஸ்கூல் புக்கும் அப்படித்தான். மின்சாரம், காந்தம் ரெண்டுக்கும் அடிப்படையான மேக்ஸ்வெல் சமன்பாடுகள்ல ஆரம்பிச்சு, எலிமென்ட்டுக்கு (ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் மாதிரி பாகத்துக்கு) வெளிய காந்தப்பாயம் மாறல, உள்ள நிகர சார்ஜ் சேரல, சிக்னலோட அலைநீளத்துக்கு முன்னாடி சர்க்யூட் ரொம்ப சின்னதுன்னு வெச்சுக்கிட்டா கிர்க்காஃப் தானா வந்து விழும். 50 ஹெர்ட்ஸ்ல அலைநீளம் 6,000 கிலோமீட்டர், உங்க லேப் மேசையில எப்படி பொய்யாகும் சொல்லுங்க? 1 ஜிகாஹெர்ட்ஸ் போனா அதுவே 30 சென்டிமீட்டர், அங்க சின்ன சர்க்யூட் போர்டுலயே சிக்கல் ஆரம்பிச்சிடும். இந்த இடத்துல மிரண்டீங்கன்னா கோர்ஸ உருப்படியா கவனிச்சிருக்கீங்கன்னு அர்த்தம், நிறைய பேரு இத அப்படியே ஸ்கிப் பண்ணிட்டு கணக்குக்குப் போயிடுவாங்க.

பச்சை டிக் விஷயம் வேற. மெஷின் கடைசி நம்பர மட்டும்தான் பாக்குது, ஃபார்முலாவ மாத்தி மாத்திப் போட்டாலும் நாலாவது தடவ டிக் விழுந்துடும். நீங்க எத்தன பேப்பர் திருத்தியிருப்பீங்க, ஸ்டெப் மார்க் போடத் தெரியாதா? ஆர்சி சர்க்யூட் (ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேந்தது) கணக்கு ஒண்ண நோட்டுல முழுசா எழுதுங்க, ஒரு டைம் கான்ஸ்டன்ட்ல (ரெசிஸ்டன்ஸையும் கெப்பாசிட்டன்ஸையும் பெருக்கினா வர்ற நேரம்) கெப்பாசிட்டர் ஏன் 63 சதவீதம் ஏறுதுங்கறதையும் சேத்து. மறுநாள் யாரோ எழுதுன பேப்பர் மாதிரி நெனச்சு சிவப்புப் பேனாவால திருத்துங்க. எந்த ஸ்டெப்ல மார்க் போட கை வரலயோ அந்த வீடியோவ மட்டும் திரும்ப பாத்தா போதும், டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன் துருப்பிடிச்சிருந்தா அத முதல்ல பாருங்க.

டெட்லைன் போயிடுச்சுன்னா போகட்டும், சர்டிபிகேட்ட வெச்சு இனிமே நீங்க எந்த இன்டர்வியூவுக்குப் போகப்போறீங்க?