மயிலும் மாங்காயும் வரையிற பையன்

கேள்வி: நாங்க சேலம் அம்மாப்பேட்டை. வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுறாரு. பையன் கவர்மென்ட் ஸ்கூல்ல ஒன்பதாவது, எந்நேரமும் படம்தான். நோட்டு பின்பக்கம் பூரா மயிலும் மாங்காயுமா கெடக்கு. டிராயிங் கிளாஸ்ல கேட்டா மாசம் எண்ணூறுங்கறாங்க, நமக்குக் கட்டாது. இலவசமா எங்கயாச்சும் சொல்லித் தருவாங்களா? இல்ல, ஒழுங்கா படிக்கிற வழியப் பாருடான்னு சொல்லிறட்டா?

பதில்: மயிலும் மாங்காயும்னு படிச்சதுமே சிரிச்சுட்டேங்க்கா. வேற எங்கேர்ந்து வரும், தறியில ஓடுற சேலை பார்டர்லேர்ந்துதான். ஃபீஸ் கட்டாமயே அவன் ஒரு கிளாஸ்ல உக்காந்துட்டுதான் இருக்கான்.

முதல்ல ஜவகர் சிறுவர் மன்றத்துல விசாரிங்க, நம்ம சேலத்துலயே இருக்கு. கலை பண்பாட்டுத் துறை நடத்துறது, சனி ஞாயிறுல ஓவியம், பாட்டு, டான்ஸ்லாம் உண்டு. பணம் கேட்டாலும் பேருக்குதான் இருக்கும். அஞ்சுலேர்ந்து பதினாறு வயசு வரைக்கும்தான் சேத்துக்குவாங்க, அதனால அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க. பஸ் செலவையும் கணக்குல வச்சுக்கங்க, உங்களுக்கு டவுன் பஸ் ஃப்ரீ, லீவு நாள்ல அவனுக்கு டிக்கெட் எடுக்கணும், நெறைய பசங்க நாலாவது வாரத்தோட நின்னு போறது இந்தச் சில்லறை காசுலதான்.

இலவசம்னதும் ஓடவும் வேணாம். நான் நம்ம சேலம் குகை ஏரியாவுல ஏழாவது படிக்கறப்ப பத்து நாள் கேம்ப் ஒண்ணு வச்சாங்க, தொப்பி குடுத்தாங்க, சர்டிஃபிகேட் குடுத்தாங்க, கடைசி நாள் பிரஷ்ஷ மட்டும் எண்ணி வாங்கிட்டாங்க. அப்பறம் ஒருத்தரும் எட்டிப் பாக்கல. எனக்குக் கை வந்தது ஸ்கூல் டிராயிங் வாத்தியாராலதான். ஒரு மாசம் பூரா ஒரே பித்தளக் குடம், தரையில வச்சா வாய் அகலமா தெரியும், ஸ்டூல் மேல ஏத்துனா தட்டையாயிரும், கண்ணு மட்டத்துக்கு வந்தா வெறும் கோடுதான். போன வார குடத்தையும் இந்த வார குடத்தையும் பக்கத்துல வச்சுப் பாத்து, "ஏன்டா இடுப்பு கோணுது"ன்னு கேக்க ஒரு ஆள் இருந்தாரு பாருங்க, அதுதான் வேணும். கிளாஸ் ஃப்ரீயாங்கறதோட, அடுத்த வருசமும் இதே சார் இருப்பாரான்னும் கேளுங்க. ஸ்கூல்ல டிராயிங் சார் இருந்தா அவரையே புடிச்சுக்கங்க, கவர்மென்ட் ஸ்கூல் பசங்களுக்கு நடத்துற கலைத் திருவிழா போட்டிக்கும் பேர் குடுக்கச் சொல்லுங்க.

அவங்கப்பா 'சோறு போடுமா'ன்னு கேப்பாரு, நியாயமான கேள்விதான். பிளஸ் டூ முடிச்சா சென்னை எழும்பூர்லயும் கும்பகோணத்துலயும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கு, நாலு வருசப் படிப்பு, வரையச் சொல்லிப் பாத்துதான் எடுப்பாங்க. எழும்பூர் காலேஜ் 1850ல ஆரம்பிச்சது. அவ்ளோ தூரம் அனுப்ப மனசு வரலன்னா நம்மூர்லயே கைத்தறி தொழில்நுட்பக் கல்லூரி இருக்கு, பத்தாவது முடிச்சாலே டிப்ளமோ சேரலாம், மாங்கா வரையத் தெரிஞ்சவனுக்கு அங்க வேலை இருக்கு. கவர்மென்ட் ஸ்கூல்லயே பன்னெண்டு வரைக்கும் முடிச்சுட்டு காலேஜ் போனா தமிழ்ப் புதல்வன்ங்கற அரசு திட்டத்துல மாசம் 1000 ரூபாயும் வரும்.

படிப்ப விடச் சொல்லல. அந்த நோட்ட மட்டும் பழைய பேப்பர்க்காரன்கிட்ட போட்றாதீங்க, மன்றத்துக்குப் போறப்ப கையோட எடுத்துட்டுப் போங்க.

கேள்வி: இன்னொண்ணு, எங்க அக்கா பொண்ணு நல்லா பாடுவா, வயசு பத்து. அரசு இசைப்பள்ளில சேக்கலாமா?

பதில்: பன்னெண்டு ஆகணும்ங்க, சேந்தா மூணு வருசம். அதுவரைக்கும் அவளையும் மன்றத்துலயே விடுங்க, ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போயிட்டு வரட்டும்.