அகதி முகாம்களுக்குச் செல்லும் நிவாரணப் பணியாளர்கள், சின்னம் அணிந்திருந்தும் ஏன் தாக்கப்படுகிறார்கள்?

சிங்கப்பூரின் தேக்கா அருகே நிவாரணப் பெட்டிகளைக் கட்டும் தொண்டூழியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வியும் இதுதான்.

பாதை, நேரம், வாகன விவரம் ஆகியவற்றைப் போரிடும் தரப்புகளுக்கு முன்கூட்டியே தெரிவிப்பது வழக்கமான ஏற்பாடு. ஆனால் அந்தத் தகவல் தலைமையகத்தோடு நின்றுவிடாமல், தாக்குதலுக்கு உத்தரவிடும் அதிகாரி வரை சென்றடைந்தால்தான் பயன் உண்டு. 2024 ஏப்ரல் 1 இரவு, காசாவின் தேர் அல்-பலா கிடங்கில் உணவை இறக்கிவிட்டுத் திரும்பிய வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் அமைப்பின் மூன்று கார்களை இஸ்ரேலிய ஆளில்லா விமானம் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கியதில் 7 பேர் உயிரிழந்தனர். பயணம் முன்பே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. காரின் கூரையில் சின்னமும் இருந்தது. இருட்டில் கேமராவுக்கு அது தெரியவில்லை என்றது இராணுவம்.

எல்லா மரணங்களும் தகவல் பிழையால் நேர்வதில்லை. 2006 ஆகஸ்டில் இலங்கையின் மூதூரில், ஒரு பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர் ஊழியர்கள் 17 பேர், நிறுவனத்தின் பெயர் பொறித்த டி-ஷர்ட்டுடனேயே, அலுவலக வளாகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அதற்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை என்பதே என்னை மிகவும் வருத்துகிறது, ஏனெனில் தண்டனை இல்லாத இடத்தில் 1949 ஜெனீவா உடன்படிக்கைகள் தரும் பாதுகாப்பு ஏட்டோடு நின்றுவிடுகிறது. உலகெங்கும் இவ்வாறு இறப்போரில் மிகப் பெரும்பாலோர் உள்ளூர்வாசிகளே. சண்டை மூண்டால் வெளியேற அவர்களுக்கு விமானம் வருவதில்லை.

தரைவழி இப்படி அடைபடும்போது வான்வழி உதவி நடக்கிறது. 2024 மார்ச்சில் சிங்கப்பூர் ஆகாயப்படையும் ஜோர்தானிலிருந்து பறந்து காசாவில் உணவுப் பொருள்களைப் போட்டது. எனினும், ஒரு லாரி அணி சுமப்பதில் சிறு பங்கையே ஒரு விமானத்தால் கொண்டுசெல்ல முடியும்.