முள் நகராத மினி டிராக்டர்

கேள்வி: மணிக்கணக்கில் ரோட்டவேட்டர் (மண்ணைக் கிளறும் கருவி) ஓட்டினாலும் என் மினி டிராக்டரில் டெம்பரேச்சர் முள் ‘சி’யை (குளிர்) விட்டு நகர்வதில்லை. மீட்டரை மாற்றிவிடட்டுமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: அவசரப்படாதீர்கள். டீசல் முள்ளும் படுத்திருந்தால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், தெர்மோஸ்டாட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) பக்கத்தில் இன்ஜினில் திருகியிருக்கும், வெப்பத்தை அளக்கும் சென்சாரைத் தேடுங்கள். பெரும்பாலும் ஒற்றை வயர்தான் வரும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, அந்த வயரைக் கழற்றி இன்ஜினின் வெறும் இரும்பில் நொடிநேரம் தொடுங்கள். முள் ‘எச்’ (சூடு) பக்கம் ஏறினால் மீட்டரும் வயரும் நல்லவை, சென்சார்தான் போயிருக்கிறது. ஏறாவிட்டால் வயரை முழுக்கத் தடவிப் பாருங்கள். எலி கடித்த வயரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சென்சாரை இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே கழற்றுங்கள், கூலன்ட் கொதிக்கும். புதியதன் மரையில் டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் சென்சாருக்கு இன்ஜின் இரும்பு வழியாக எர்த் கிடைக்காது, முள் மறுபடி படுத்துவிடும். அப்புறம், தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்ட வண்டியிலும் முள் சரியாக ஏறாது. அதையும் மெக்கானிக்கிடம் கேளுங்கள். சரியாகும் வரை தினமும் காலையில் கூலன்ட் அளவையும் ரேடியேட்டர் வலையில் அடைத்த தூசியையும் பார்க்காமல் வயலில் இறக்காதீர்கள்.