டெங்கு மாறியும் களைப்பு மாறவில்லை: காரணம் கிருமியா, மனமா?

கேள்வி: எனக்கு வயது 34. கோண்டாவிலில் இருக்கிறேன், ஆசிரியை. கடந்த மாரியில் டெங்கு வந்து வார்டில் இருந்தேன். காய்ச்சல் விட்டு ஒன்பது மாதமாகியும் களைப்பு விடவில்லை. எட்டு மணித்தியாலம் படுத்தெழும்பினாலும் படுக்காததுபோலவே இருக்கிறது. சனிக்கிழமை உடுப்புத் தோய்த்து முற்றம் கூட்டினால் திங்கட்கிழமை எழும்ப ஏலாது. வாசிக்கிற வரி மனதில் நிற்பதில்லை. கனடாவில் இருக்கும் அண்ணா இது நாட்பட்ட களைப்பு நோய், வைரஸின் வேலை என்கிறார். ஒரு வைத்தியர் மன அழுத்தம் என்று சொல்லி, ஒவ்வொரு நாளும் நடையைக் கூட்டச் சொன்னார். மாமி பஞ்சி என்கிறா. யார் சொல்வது சரி?

பதில்: அன்புள்ள சகோதரி,

பஞ்சி பிடித்தவர் சனிக்கிழமை முற்றம் கூட்டமாட்டார். உங்கள் கடிதத்தில் எங்களை நிறுத்தி வைத்தது அந்தச் சனி–திங்கள் கணக்குத்தான். வேலை செய்யும்போது சமாளித்துவிட்டு, சில மணித்தியாலமோ ஓரிரு நாளோ கழித்து, செய்த வேலைக்குப் பொருந்தாத அளவுக்கு உடம்பு விழுவது, உங்கள் அண்ணா சொன்ன நாட்பட்ட களைப்பு நோயின் தனி அடையாளம். 2015இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட வரையறை இதைக் கட்டாய அறிகுறியாகவே வைத்தது. முன்பு செய்தவற்றை ஆறு மாதத்துக்கு மேலாகச் செய்ய முடியாத களைப்பு, ஆற்றாத நித்திரை ஆகியவையும் இருக்க வேண்டும். அவற்றோடு மூளை மந்தமோ, நிமிர்ந்து நிற்கும்போது கூடும் தொல்லையோ ஒன்று சேர வேண்டும்.

ஆனாலும் அந்தப் பெயரை இப்போதே சூட்டிக்கொள்ள வேண்டாம். இதே வேடத்தில் வரும், மருந்தால் மாறும் நோய்கள் பல. முழுக் குருதிக் கணக்கு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றின், தைரொயிட்டுக்கு ரி.எஸ்.எச்., குருதிச் சீனி, சிறுநீரகம், ஈரல், அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., கல்சியம், சிறுநீர் ஆகியவற்றைப் பார்த்தாயிற்றா? மரக்கறி மட்டும் சாப்பிடுபவரென்றால் விற்றமின் பி12உம் வேண்டும். அடிக்கடி தவறுவது பெரிற்றின்தான். ஹீமோகுளோபின் சரியாக இருக்க, பெரிற்றின் 30க்குக் கீழே இறங்கியிருக்கும். மாதவிடாய் உள்ள பெண்களில் இது சாதாரணம். "ரத்தம் நல்லாயிருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இரும்புக் குளிசை தந்தால் தேத்தண்ணியோடு போடாதீர்கள், உடம்பு எடுக்காது.

இனி காரணத்துக்கு வருவோம். உங்கள் வீட்டில் நடக்கும் வாதம் மருத்துவ உலகில் எழுபது வருடமாக நடக்கிறது. 1955இல் லண்டன் றோயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஊழியர் பலர் ஒரே காலத்தில் இப்படி விழுந்தார்கள். 1970இல் இரண்டு மனநல மருத்துவர்கள், நோயாளிகளை நேரில் பார்க்காமல் பழைய குறிப்புகளை மட்டும் புரட்டி, அது கூட்டு மனக்கோளாறு என்று எழுதினார்கள். அந்த எழுத்தின் நிழல் இன்னும் நீங்கவில்லை.

வைரஸ் கட்சியும் வழுக்கி விழுந்திருக்கிறது. எலி வைரஸுக்கு உறவான ஒன்று நோயாளிகளின் குருதியில் இருக்கிறதென்று 2009இல் பெரிய ஆரவாரம் எழுந்தது. அது ஆய்வுகூடத்தில் கலந்த அசுத்தம் என்று தெரிந்து 2011இல் அந்த ஆய்வுக் கட்டுரை மீளப்பெறப்பட்டது. நோயெதிர்ப்புத் தொகுதியே உடம்பைத் தாக்குகிறது என்ற கருத்தில் ரிற்றுக்ஸிமாப் என்ற மருந்தை நோர்வேயில் சோதித்தார்கள். சிறிய ஆய்வில் நம்பிக்கை தந்தது, 2019இல் வெளிவந்த பெரிய ஆய்வில் பயனில்லை.

எங்களுக்கு வலுவாகப் படும் சான்று அவுஸ்திரேலியாவின் டப்போ நகரப் பகுதியில் நடந்த, 2006இல் வெளிவந்த ஆய்வு. சுரப்பிக் காய்ச்சல் தரும் எப்ஸ்டீன்–பார் வைரஸ், கால்நடைகளிலிருந்து தொற்றும் கியூ காய்ச்சல், நுளம்பால் பரவும் றொஸ் றிவர் வைரஸ் என மூன்று வேறு தொற்றுகள் வந்த 253 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஆறு மாதத்தில் சுமார் 12 வீதமானோர் இந்த நிலையில் இருந்தார்கள். கிருமி எதுவானாலும் முடிவு ஒன்றுபோலவே இருந்தது. யாருக்கு வரும் என்பதை முன்கூட்டிக் காட்டியது ஆரம்பக் காய்ச்சலின் கடுமை. வயதும் மனநிலையும் அல்ல. டெங்குவுக்குப் பின்னும் சிலருக்குக் களைப்பு நீள்வதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆகவே தொடக்கிவைத்தது எது, தொடரவைப்பது எது என்று கேள்வியை இரண்டாகப் பிரியுங்கள். முதலாவதில் உங்கள் அண்ணா பெரும்பாலும் சரி. இரண்டாவதுக்கு விடை இன்னும் முடிவாகவில்லை: நோயெதிர்ப்பு, நரம்பு, கலங்களின் சக்தி உற்பத்தி என்று தேடுகிறார்கள். 2025இல் பிரித்தானியாவில் 15,000க்கு மேற்பட்ட நோயாளிகளின் மரபணுவை ஆராய்ந்து வெளிவந்த முதற்கட்ட முடிவு, மரபணுத் தொகுதியில் இந்த நோயோடு தொடர்புள்ள எட்டு இடங்களைக் காட்டியது. அவற்றில் நோயெதிர்ப்போடும் நரம்புத் தொகுதியோடும் தொடர்புடைய மரபணுக்கள் இருக்கின்றன.

மன அழுத்தம் கூடவே இருக்கலாம், ஒன்பது மாதம் இப்படிக் கிடந்தால் யாருக்கும் வரும். அப்படியானால் அதற்கும் வைத்தியம் செய்யுங்கள், அதில் குறைவு எதுவுமில்லை. ஆனால் மனச்சோர்வில் பெரும்பாலும் ஆசையே அற்றுப்போகும், நடந்தால் சற்றுத் தெளியும். உங்களுக்கு ஆசை இருக்கிறது, உடம்புதான் மறுக்கிறது. நடையைக் கூட்டச் சொன்ன ஆலோசனை 2011இல் வெளிவந்த ஒரு பிரித்தானிய ஆய்வால் மேலும் வலுப்பெற்றது. 2021இல் அங்குள்ள மருத்துவ வழிகாட்டல் அமைப்பான நைஸின் வழிகாட்டி அந்தப் படிப்படியான உடற்பயிற்சியை இந்த நோய்க்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. உங்கள் உடம்பும் அதையே சொல்கிறது. நடையை இப்போதைக்குக் கூட்டாதீர்கள்.

காரணம் முடிவாகும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் செய்த வேலையையும் அடுத்த மூன்று நாள் உடம்பு எப்படி என்பதையும் எழுதுங்கள். எது விழுத்துகிறது என்று தெரியும். பிறகு அதன் அளவுக்குக் கீழேயே நில்லுங்கள். முற்றத்தை ஒரு நாள் பாதி, இன்னொரு நாள் பாதி கூட்டுங்கள். தேங்காய் துருவுவதும் வெங்காயம் உரிப்பதும் இருந்துகொண்டே நடக்கட்டும். பலர் நாடித்துடிப்பையும் பார்க்கிறார்கள்: காலையில் எழும்ப முன் உள்ள எண்ணுக்கு மேல் 15 கூடினால் வேலையை நிறுத்திச் சாய்ந்துவிடுவார்கள். பெரும்பாலானோர் சறுக்குவது நல்ல நாளில்தான். உடம்பு இலேசானதும் விட்ட வேலையெல்லாம் செய்து மூன்று நாள் படுத்துவிடுவார்கள்.

நிமிர்ந்து நிற்கும்போது தொல்லை கூடுகிறதா என்று பார்க்க ஒரு சோதனையை வீட்டிலேயே செய்யலாம். பத்து நிமிடம் மல்லாந்து படுத்து நாடியையும் பிறஷரையும் குறியுங்கள். பிறகு எழுந்து, குதிக்காலைச் சுவரிலிருந்து ஆறு அங்குலம் தள்ளி வைத்து, முதுகைச் சாய்த்து அசையாமல் பத்து நிமிடம் நின்று, நிமிடத்துக்கொருமுறை குறியுங்கள். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். தலை சுற்றினால் உடனே நிறுத்துங்கள். நாடி 30க்கு மேல் கூடி அப்படியே நின்றாலோ, மேல் பிறஷர் 20 இறங்கினாலோ அந்தத் தாளை வைத்தியரிடம் காட்டுங்கள். அதற்கு வைத்தியம் உண்டு. அதற்காக உப்பைக் கூட்டுவதென்றால் அவரைக் கேட்ட பிறகே.

சேலைன் ஏற்றுவதிலும் விற்றமின் ஊசியிலும் காசைக் கரைக்காதீர்கள். கிளினிக்குக்குப் போகும்போது "களைப்பு" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல் கொப்பியைக் கொடுத்து, சனிக்கும் திங்களுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லுங்கள். பின்னேரக் காய்ச்சல், நிறை குறைதல், இரவில் வியர்த்துக் கொட்டுதல், மூச்சு வாங்குதல், மூட்டு வீக்கம் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். அடுத்த கிளினிக் திகதிவரை பொறுக்காமல் உடனே போய்க் காட்டுங்கள்.