பழைய காரில் பின் ஆக்சிலை மாற்றத்தான் வேண்டுமா?

இன்ஜின் பவரைக் கூட்டிய பிறகு, கிளம்பும்போது பின்சக்கரம் தடதடவென்று துள்ளுகிறது என்கிறீர்கள். ஆக்சிலை மாற்ற அவசரப்படாதீர்கள். முறுக்குவிசை ஏறும்போது ஆக்சில் உருளப் பார்க்கும். அதைப் பிடித்திருக்கும் லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்) 'எஸ்' போல வளைந்து சட்டென்று விடுபடும். அந்தத் துள்ளல் அதுதான்.

முதலில் ஸ்பிரிங் முனையில் போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறையான புஷ்ஷைப் பாருங்கள். ரப்பர் வெடித்து, துளை முட்டை வடிவாகியிருந்தால் அதை மாற்றுங்கள். போதவில்லையென்றால், ஆக்சில் உருளாமல் தடுக்கும் கம்பியான டிராக்‌ஷன் பார் பூட்டுங்கள்.

புது ஆக்சில்தான் என்றால், ஸ்பிரிங் பேடை (ஆக்சில் ஸ்பிரிங்கில் உட்காரும் தகடு) அங்கங்கே புள்ளி வெல்டில் மட்டும் நிறுத்தி, காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு பினியன் கோணத்தை (இன்ஜின் சக்தி ஆக்சிலுக்குள் நுழையும் பல்சக்கரத் தண்டின் சாய்வை) அளந்து முழு வெல்டு வையுங்கள். ரப்பர் புஷ் போல்ட்டுகளையும் அந்த நிலையில்தான் இறுக்க வேண்டும். ஆக்சில் தொங்கும்போது இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.