அங்கோர் வாட்டைப் பார்க்க வழிகாட்டி தேவையா, நாமே சுற்றிக்கொள்ளலாமா?

பெற்றோரை அழைத்துக்கொண்டு, அங்கோர் வாட்டுக்கு அருகிலுள்ள கம்போடிய ஊரான சியம் ரீப் போகிறீர்கள், கோயில்களுக்கு ஒரு நாள்தான் இருக்கிறது, "ராமாயணமும் மகாபாரதமும் நமக்குத் தெரியாததா, வழிகாட்டி எதற்குத் தண்டச் செலவு?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரி இல்லையென்றால் நான் பேசாமல் கடந்து போயிருப்பேன். கதை தெரியும் என்ற தெம்பில் போகிறவர்களுக்குத்தான் அங்கே வழிகாட்டி கட்டாயம் வேண்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கம்போடியாவில் எனக்குப் பயண நிறுவனம் எதுவும் கிடையாது, யாரிடமும் கமிஷன் வாங்கவில்லை. பாங்காக்கில் அரண்மனையையும் கோயில்களையும் கையில் வரைபடத்தோடு நானேதான் சுற்றினேன். எல்லா ஊருக்கும் வழிகாட்டி வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அங்கோருக்கு வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

என்னுடன் வந்தவர் என் அப்பா, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஊர்க் கோயிலில் பாரதச் சொற்பொழிவு நடந்தால் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, பேசுகிறவர் ஒரு பெயரை மாற்றிச் சொன்னால் அங்கேயே திருத்துகிற ஆள். வழிகாட்டிக்கு நாற்பது வயது இருக்கும். சுற்றுலா அமைச்சகத்தின் உரிம அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நிதானமான ஆங்கிலம். நடுவில் நான் மொழிபெயர்ப்பாளன்.

விடியலில் குளக்கரையில் நின்று படம் எடுத்த கூட்டமெல்லாம் காலை உணவுக்கு விடுதிக்குத் திரும்பும் நேரம் பார்த்து எங்களை உள்ளே அழைத்துப் போனார். இந்த ஒரு யுக்திக்கே அவருக்குக் கொடுத்த பணம் தகும். சிற்பக் கூடம் ஏறக்குறைய காலியாக இருந்தது. அங்கே நுழைந்ததும் அவர் வலப்பக்கம் திரும்பினார். அப்பா நகரவில்லை.

கவனித்தால் புரியும்: அப்படித் திரும்பினால் கோயில் நம் இடக்கைப் பக்கம் வந்துவிடும். அதாவது அப்பிரதட்சிணம். "சுற்றுலாக்காரர்களை இழுத்துக்கொண்டு போய்ப் போய் இவருக்குச் சுற்றும் முறையே மறந்துவிட்டது. எடுத்துச் சொல்" என்றார் அப்பா. நான் கொஞ்சம் நாசூக்காக மாற்றிக் கேட்டேன். வழிகாட்டி இதற்காகவே காத்திருந்தவர் போலப் பேச ஆரம்பித்தார். அங்கோரின் கோயில்களில் பெரும்பாலானவை கிழக்கு பார்த்தவை. இது மேற்கு பார்த்தது. சுவரில் செதுக்கிய கதைகளும் இடச்சுற்றாகவே ஓடுகின்றன. 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் திருமாலுக்காக இதை எழுப்பிய கம்போடிய மன்னன் இரண்டாம் சூரியவர்மன், தன் மறைவுக்குப் பின் தனக்கும் இதுவே நினைவிடம் என்று எண்ணியிருக்க வேண்டும் எனப் பல ஆய்வாளர்கள் கருதுவதற்கு இவைதான் காரணம். சொல்லி முடித்துவிட்டு, "உங்கள் ஊரில் இறந்தவருக்கான சடங்கில் எந்தப் பக்கமாகச் சுற்றுவீர்கள்?" என்று அப்பாவையே கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. அவர் காட்டிய பக்கம் நடக்கத் தொடங்கினார்.

குருட்சேத்திரச் சுவரில் அப்பாவுக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. அம்புப் படுக்கையில் பீஷ்மரைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டார். இரண்டு ஓரங்களிலும் வீரர்கள் வரிசை கலையாமல் நடந்து வருகிறார்கள். நடுவை நெருங்க நெருங்க வரிசை உடைந்து, கால் எது கை எது என்று தெரியாத கைகலப்பு. பல தலைமுறைக் கைகள் தடவித் தடவிக் கல் சில இடங்களில் எண்ணெய் பூசியதுபோல் கறுத்து மின்னுகிறது. (இப்போது கயிறு கட்டியிருக்கிறார்கள், தொடாதீர்கள்.)

சண்டை வந்தது கிழக்குக் கூடத்தில், பாற்கடல் கடையும் காட்சியில். ஏறத்தாழ 49 மீட்டர் நீளம். இடப்புறம் 92 அசுரர்கள், வலப்புறம் 88 தேவர்கள், நடுவில் திருமால், கீழே ஆமை. வாசுகிப் பாம்பின் வால் முனையைப் பிடித்திருப்பது குரங்கு முகம் கொண்ட பெரிய உருவம். அனுமன் என்றார் வழிகாட்டி. அப்பா கொதித்துவிட்டார். "பாற்கடல் கடைந்தபோது அனுமன் பிறக்கவே இல்லையே, எப்படி வருவார்?" நான் மொழிபெயர்த்தேன். "எங்களுக்குப் பிறந்துவிட்டார் ஐயா" என்றார் அவர். அதோடு நிறுத்தியிருக்கலாம். கம்போடியர்களான கெமர் மக்களின் ராமாயணமான ரீம்கேரில் கடலில் பாலம் கட்டும்போது மீன்கள் கற்களைத் திருடுவதையும், அவற்றுக்குத் தலைவி ராவணன் மகளான ஒரு கடற்கன்னி என்பதையும், அனுமன் அவள் மீது காதல் கொள்வதையும் சொன்னார். நைஷ்டிக பிரம்மச்சாரிக்குக் காதலா என்று அப்பா அடுத்த கூடம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. மதிய உணவில் அவரே ஆரம்பித்தார்: "அந்தக் கடற்கன்னி பிறகு என்ன ஆனாள் என்று கேள்." மீன் குழம்பு ஆறும் வரை கதை நடந்தது. ஒரு மகன் பிறக்கிறான் என்ற இடத்தில் அப்பா கண்களை மூடிக்கொண்டார், ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை.

யூடியூபில் இதெல்லாம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. யூடியூபோடு அப்பா சண்டை போட முடியாது.

பிற்பகலில் அங்கோரின் வேறு இரண்டு கோயில்கள்: பாயோன், தா புரோம். பாயோனில் எல்லோரும் அண்ணாந்து கல் முகங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் கீழே வெளிச்சுவரைப் பாருங்கள். அண்டை நாட்டவரான சாம் மக்களோடு நடந்த படகுப் போருக்கு அடியிலேயே சேவல் சண்டை, கொப்பரையில் இறக்கப்படும் பன்றி, பிரசவிக்கும் ஒரு பெண் என்று அந்த நாளின் ஊர் வாழ்க்கை கிடக்கிறது. வழிகாட்டி விரலை நீட்டாவிட்டால் நான் தாண்டிப் போயிருப்பேன். தா புரோமைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: 1186ஆம் ஆண்டுக் கோயில், மரவேர், அதன் முன் படமெடுக்க வரிசை. சீரமைப்பில் இந்தியத் தொல்லியல் துறைக்கும் பங்கு உண்டு என்ற பலகையைக் கண்டு அப்பா நிமிர்ந்து நடந்தார்.

அங்கேதான் நம் ஊர்க் குழு ஒன்றைச் சந்தித்தோம். அதில் ஒருவர் எங்கள் வழிகாட்டியை நிறுத்தி, இதையெல்லாம் கட்டியவர்கள் தமிழர்கள், உனக்குத் தெரியுமா என்று பாடம் எடுத்தார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. தமிழ்ப் பற்று இல்லாதவன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். காம்போஜ (அதாவது கம்போடிய) மன்னன் ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. கெமர் எழுத்தே பல்லவ எழுத்திலிருந்து பிறந்தது. உறவு இருந்தது, பெருமைப்பட அது போதும். அடுத்தவர் பாட்டன் கட்டிய வீட்டுக்குள் நின்றுகொண்டு அதற்குப் பட்டா கேட்பது என்ன நாகரிகம்?

பணம் பற்றிச் சொல்கிறேன். நுழைவுச் சீட்டு ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62. எங்கள் வழிகாட்டிக்கு நாள் முழுவதற்கும் ஏறத்தாழ 40 டாலர் ஆனது, டுக்டுக் தனி. இருபது பேரைக் கொடி பிடித்து அழைத்துப் போகும் குழுவில் சேராதீர்கள், கேள்வி கேட்க இடமிருக்காது. பட்டுக்கடை, நகைக்கடை எதுவும் வேண்டாம் என்று வண்டி ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

இதை எழுதும்போது இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன். என் உறவினர் ஒருவர் "முழுத் திட்டமும் எழுதி அனுப்புங்கள், அடுத்த மாதம் கிளம்புகிறோம்" என்றார். இரண்டு இரவு விழித்து விடுதி, வண்டி, உணவகம், விசா எல்லாம் எழுதி அனுப்பினேன். நன்றி என்ற ஒரு வார்த்தை இல்லை. அவர்கள் போகவும் இல்லை. பிறகு ஒரு கல்யாண வீட்டில், "நீங்கள் சொன்னதில் அலைச்சல் அதிகம் மாமா" என்கிறார். அதிலிருந்து நான் யாருக்கும் திட்டம் போட்டுத் தருவதில்லை, நீங்களும் தனிச் செய்தியில் கேட்காதீர்கள்.

அம்மாவிடம் மட்டும் இதைச் சொல்லிவிடுங்கள்: அங்கோர் வாட்டின் உச்சித் தளத்துக்கு ஏற தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், மேலே துப்பட்டா போர்த்திக்கொண்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். படி செங்குத்து. முழங்கால் வலி இருந்தால் கீழேயே நிழலில் உட்காரட்டும். பௌத்தப் புனித நாட்களில் அந்தத் தளத்தை மூடிவிடுவார்கள், எனவே தேதியை முடிவு செய்யும் முன் வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.