நாங்கள் ஏழு பேர் பைக்கில் கண்டியிலிருந்து நுவரெலியா போகிறோம். கூட்டமாகப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நான் புசல்லாவைக்காரன். நீங்கள் போகப்போகும் கம்பளை, றம்பொடை, லபுக்கலை பாதையில் பன்னிரண்டு வருடமாக ஓட்டுகிறேன். ஏழு பேரில் இரண்டு பேர் ஸ்கூட்டர், ஒரு தம்பிக்கு மலைப்பாதையே புதிது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாதை தெரிந்தவர் முன்னால், நன்றாக ஓட்டிப் பழகியவர் கடைசியில். புதுத் தம்பி இரண்டாவதாக வரட்டும், அவருடைய வேகம்தான் எல்லோருக்கும் வேகம். அவரைப் பின்னால் விட்டால் எட்டிப்பிடிக்கப் பார்ப்பார், ஏதாவது ஒரு முடக்கில், அதாவது வளைவில், விழுவார்.

நேர்ப்பாதையில் ஒருவர் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம் என்று மாறி மாறிப் போகலாம். முன்னால் போகிறவர் ஒரு லைட் கம்பத்தைக் கடந்த பிறகு குறைந்தது இரண்டு விநாடி கழித்து நீங்கள் கடக்க வேண்டும். மழையென்றால் நான்கு. முடக்கு வந்தால் ஒற்றை வரிசைதான். வலப்பக்கம் திரும்பும் முடக்கில் நடுக்கோட்டை ஒட்டிப் போனால் டயர் நம் பக்கம் இருக்கும், சாய்ந்த தலை கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும். எதிரே பஸ் அகலமாக வளைத்து வருவது அங்கேதான்.

ஓவர்டேக் செய்வதை அவரவர் பார்த்து முடிவெடுக்க வேண்டும். முன்னவர் லொறியைத் தாண்டினார் என்பதற்காக மூன்றாமவரும் கூடவே போகக் கூடாது. இது விளையாட்டில்லை. 2025 மே மாதம் இதே பாதையில் கரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள்.

ஏறுவதை விட இறங்குவதுதான் கஷ்டம். ஒருமுறை நுவரெலியாவிலிருந்து திரும்பும்போது எங்கள் கூட்டத்தில் கடைசியாக வந்தவர் ஸ்கூட்டரில் இருந்தார். லபுக்கலையிலிருந்து பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கியிருக்கிறார். சூடேறி, லீவர் கைப்பிடி வரைக்கும் வந்துவிட்டது, வண்டி நிற்கவில்லை. மலைப்பக்கத்துக் கானில், அதாவது பாதையோர வடிகாலில், சாய்த்து நிறுத்தியிருக்கிறார். நாங்கள் ஐந்து பேரும் றம்பொடையில் பிளேன் டீ குடித்துக்கொண்டிருந்தோம். இருபது நிமிடம் கழித்துத்தான் ஆளைக் காணோம் என்று தெரிந்தது. போனுக்கு சிக்னலும் இல்லை. திரும்பிப் போனபோது முழங்கையில் இரத்தத்தோடு கான் கட்டில் உட்கார்ந்திருந்தார். “கூப்பிட்டேன், யாருக்கும் கேட்கலை” என்றார். அந்தக் குரல் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரே வழக்கம்தான்: பின்னால் வருபவரின் லைட் கண்ணாடியில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். முன்னவரும் அப்படியே குறைப்பார், சிறிது நேரத்தில் முழு வரிசையும் நின்றுவிடும். பாதை பிரியும் இடத்தில் அடுத்தவர் வந்து சேரும் வரை நகராதீர்கள். நிற்பதென்றால் முடக்கில் வேண்டாம், நேரான இடத்தில் பாதையை விட்டு இறங்கி நில்லுங்கள்.

கியர் பைக் இரண்டாம் கியரில் இறங்கட்டும். ஸ்கூட்டரில் எஞ்சின் அந்தளவு இழுத்துப் பிடிக்காது. அதனால் இறக்கத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட வேண்டும். இடையில் இரண்டு மூன்று தடவை நிறுத்தி ஆறவிடுங்கள். அப்புறம், லபுக்கலைக்கு மேலே பனிமூட்டம் இறங்கினால் ஹை பீம் போடாதீர்கள், வெள்ளைச் சுவர்தான் தெரியும். காலையிலேயே கிளம்புங்கள். ரெயின்கோட் பையின் அடியில் அல்ல, மேலேயே இருக்கட்டும்.